வட்டாரத்தில் இருக்கும் சிறப்பாசிரியர் எங்கள் பள்ளிக்கு ஏன் வருவதில்லை? சிறப்புக் கல்விக்கான அரசு நிதியும் கண்காணிப்பும் பற்றி ஒரு கேள்வி

கேள்வி: செங்காந்தள் (விழுப்புரம் மாவட்டம்)

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு ஒன்பது வயது. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றில் நான்காம் வகுப்பு படிக்கிறாள். பிறவியிலேயே மூளை முடக்குவாதம். அடையாள அட்டையில் குறைபாடு 65 விழுக்காடு என்று குறிப்பிட்டிருக்கிறார்கள். பேச்சு சற்றுக் குழறினாலும் பழகியவர்களுக்கு நன்றாகப் புரியும். வாய்க்கணக்கில் வகுப்பில் அவளை மிஞ்ச ஆள் இல்லை என்று அவளுடைய ஆசிரியையே சொல்கிறார். எழுதத்தான் கை ஒத்துழைப்பதில்லை. நடக்கக் காலிபர் (காலைத் தாங்கிப் பிடிக்கும் கருவி) வேண்டும்.

முதல் வகுப்பில் பாதி ஆண்டு வீட்டிலிருந்தே படித்தாள். அதன் பிறகு நாள்தோறும் நானோ என் மாமியாரோ தூக்கிச் சென்று பள்ளியில் விட்டு வருகிறோம். வகுப்பாசிரியை மிகவும் நல்லவர். ஆனால் இரண்டு வகுப்புகளை ஒரே அறையில் வைத்து நடத்தும் அவரால் என் மகளுக்கென்று தனியாக அரைமணி நேரம் ஒதுக்க முடிவதில்லை. அதற்குத்தான் மாற்றுத்திறன் குழந்தைகளுக்குக் கற்பிக்கும் சிறப்பாசிரியர் இருக்கிறார் என்றார்கள். இந்த ஜூன் மாதம் பள்ளி திறந்ததிலிருந்து இதுவரை அவர் வந்தது ஐந்து முறை. நான் கேட்கும்போதெல்லாம் "நம் வட்டாரத்துக்குச் சிறப்பாசிரியர் போட்டிருக்கிறார்கள் அம்மா, வருவார்" என்பதே பதிலாக இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சென்ற ஆண்டு ஜூலை மாதம் வட்டார வள மையத்தில் நடந்த மதிப்பீட்டு முகாமில் காலிபருக்கு அளவெடுத்தார்கள். அது கைக்கு வந்தது இந்த ஆண்டு மார்ச் மாதம். எட்டு மாதத்தில் குழந்தை வளர மாட்டாளா? கணுக்காலில் பட்டை இறுக்கி, மூன்றாம் நாளே தோல் உரிந்து புண்ணாகிவிட்டது. இப்போது அது வீட்டில் கதவுக்குப் பின்னால் நிற்கிறது. ஆனால் அலுவலகப் பதிவேட்டில் "உபகரணம் வழங்கப்பட்டது" என்று எழுதி, என்னிடம் கையொப்பமும் வாங்கியாயிற்று.

எவர் மீதும் பழி சொல்ல நான் இதை எழுதவில்லை. எனக்குத் தெரிய வேண்டியவை இவைதாம்: என் மகளைப் போன்ற குழந்தைக்கென அரசு ஒதுக்கும் பணம் எவ்வளவு, அது எந்த வழியாக வருகிறது, அது அவளுக்குப் பயன்பட்டதா என்று பார்க்க வேண்டிய பொறுப்பு யாருடையது? நான் யாரிடம், என்னவென்று கேட்க வேண்டும்?

பதில் 1: நடைவண்டி (சிறப்பாசிரியர், 14 ஆண்டுப் பணி)

வணக்கம் அம்மா. உங்கள் மகளுக்கு வராமற்போன அந்தச் சிறப்பாசிரியரின் இடத்தில் இருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். நான் வேறு மாவட்டத்தில் பணியாற்றுகிறேன். ஆனால் நிலைமை ஒன்றுதான்.

என் பொறுப்பில் 19 பள்ளிகளும் 43 குழந்தைகளும் இருக்கிறார்கள். அவர்களில் எட்டுப் பேர் பள்ளிக்கு வர இயலாத இல்லம் சார்ந்த கல்விக் குழந்தைகள். அவர்களை வீட்டுக்குச் சென்று பார்க்க வேண்டும். வாரத்தில் ஒரு நாள் வட்டார வள மையத்தில் உள்ள ஆயத்தப் பயிற்சி மையத்தில் இருக்க வேண்டும். இயன்முறை சிகிச்சையாளர் வரும் நாளில் குழந்தைகளை அழைத்துவரும் பெற்றோருக்கு உதவியாக நிற்க வேண்டும். எஞ்சிய நாள்களில் ஒரு நாளைக்கு இரண்டு பள்ளிகள் என்று வைத்துக்கொண்டாலும் ஒரு பள்ளிக்கு மீண்டும் வர மூன்று வாரங்களாகும். இதற்கிடையில் முகாம் வரும். எமிஸ் என்னும் பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் விவரத் தளத்தில் விவரம் பதிவேற்றும் பணி வரும். நலம் நாடி செயலியில், குறைபாடு இருக்கலாம் என்று வகுப்பாசிரியர்கள் குறிப்பிட்ட குழந்தைகளை நேரில் சென்று சரிபார்க்கும் பணி வரும். தனித்துவ அடையாள அட்டைக்காகக் குழந்தையை மாவட்ட மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் பெற்றோருக்கு வழி தெரியாவிட்டால் கூடவே போகவும் வேண்டும். நான் குறை சொல்வதாக எண்ண வேண்டாம். இவை யாவும் செய்யத்தக்க பணிகளே. ஆனால் இவற்றையெல்லாம் செய்து முடித்த பிறகு, குழந்தையின் விரல்களைப் பிடித்துப் பென்சில் பிடிக்கப் பழக்குவதற்கு எத்தனை நிமிடம் மிஞ்சுகிறது என்பதை எந்தப் படிவமும் எங்களிடம் கேட்பதில்லை.

கேட்கப்படுவது வேறு: எத்தனை பள்ளிகள் பார்வையிடப்பட்டன, எத்தனை குழந்தைகள் பயன்பெற்றனர் என்பதே. உங்கள் மகளுடன் பத்து நிமிடம் இருந்தாலும் ஒன்று. இரண்டு மணி நேரம் இருந்தாலும் அதே ஒன்று.

எங்களில் பெரும்பாலோர் தொகுப்பூதியத்தில் இருப்பவர்கள். பணி நிரந்தரம் கேட்டு நாங்கள் பலமுறை போராடியிருக்கிறோம். சம்பளம் மட்டுமே அதற்குக் காரணமில்லை. ஆண்டுக்கு ஆண்டு திட்ட ஒப்புதலை எதிர்பார்த்து நிற்கும் ஒருவர், மூன்று ஆண்டுகளில் இந்தக் குழந்தையை எங்கே கொண்டுவந்து நிறுத்துவது என்று எப்படித் திட்டமிடுவார்?

உங்களிடம் நான் கேட்க விரும்புவது ஒன்று. எமிஸ் தளத்தில் உங்கள் மகளின் பெயருக்கு எதிரே என்ன வகைப்பாடு பதிவாகியிருக்கிறது என்று தலைமை ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். முதல் வகுப்பில் வீட்டிலிருந்து படித்ததாக எழுதியிருக்கிறீர்கள், அதனால்தான் கேட்கிறேன். மேலும், குழந்தைக்கெனத் தனிநபர் கல்வித் திட்டம் எழுதிய நோட்டு ஒன்று இருக்க வேண்டும். அதை உங்களுக்குக் காட்டியிருக்கிறார்களா? காட்டாவிட்டால் கேளுங்கள். கேட்டால் நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம். உண்மையில், ஒரு தாய் அந்த நோட்டைக் கேட்கிறார் என்றால் அந்தப் பள்ளிக்கு அந்த வாரம் போயே ஆக வேண்டும் என்று மேற்பார்வையாளரிடம் சொல்ல எங்களுக்கும் ஒரு காரணம் கிடைக்கும்.

பதில் 2: பழைய பேரேடு (கல்வித் துறைக் கணக்குப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்)

சகோதரியின் கேள்வியில் பணத்தைப் பற்றிய பகுதிக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன்.

அரசுப் பள்ளிகளில் பயிலும் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான செலவின் முதன்மையான வழி, ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டமாகும். இது 2018-19இல், அதற்கு முன்பிருந்த அனைவருக்கும் கல்வித் திட்டத்தையும் இடைநிலைக் கல்வித் திட்டத்தையும் ஆசிரியர் கல்வித் திட்டத்தையும் ஒன்றாக்கித் தொடங்கப்பட்டது. செலவில் 60 விழுக்காடு ஒன்றிய அரசுடையது. 40 விழுக்காடு மாநில அரசுடையது. இத்திட்டத்தில் உள்ளடக்கிய கல்வி என்ற தலைப்பின்கீழ் ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு 3,500 ரூபாய் வரை என்று வரையறுத்திருக்கிறார்கள். சிறப்பாசிரியர் ஊதியம் தனி. பெண் குழந்தைகளுக்கு மாதம் 200 ரூபாய் வீதம் 10 மாதங்களுக்கு ஊக்கத்தொகையும் உண்டு. அது வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். உங்கள் மகளுக்கு வருகிறதா என்று கணக்குப் புத்தகத்தைப் பாருங்கள்.

இந்த 3,500 ரூபாயைப் பற்றிப் பெற்றோர் பலருக்கு ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. அது குழந்தையின் கையில் தரப்படும் தொகை அன்று. மதிப்பீட்டு முகாம், உபகரணம், கற்றல் பொருள், சிகிச்சை, போக்குவரத்துப் படி, குழந்தையை அழைத்து வருபவருக்கான பாதுகாவலர் படி எனப் பலவற்றுக்கும் மாநில அளவில் சேர்த்துத் திட்டமிடப்படும் தொகை அது. ஆண்டுக்கு 210 வேலை நாள்கள் என்று கொண்டால் ஒரு குழந்தைக்கு நாளொன்றுக்கு 17 ரூபாய்க்கும் குறைவாக வருகிறது. தடித்த எழுத்துப் புத்தகம் மட்டும் தேவைப்படும் பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைக்கும், காலிபர், சாய்மான நாற்காலி, வாரந்தோறும் இயன்முறை சிகிச்சை எல்லாம் தேவைப்படும் பிள்ளைக்கும் கணக்கு தொடங்குவது இதே எண்ணிலிருந்துதான். தேவையின் அளவுக்கேற்ப நிதியைக் கூட்டிக் குறைக்கும் முறை இத்திட்டத்தில் இல்லை என்பதே என் நெடுநாள் ஆதங்கம். 2018இல் வைத்த எண்ணுக்கு இன்று அதே மதிப்பில்லை என்பதையும் சொல்ல வேண்டியதில்லை.

பணம் நகரும் வழியைச் சொல்கிறேன். பள்ளிகள் பதிவேற்றும் மாணவர் விவரத்தின் அடிப்படையில் மாநிலத் திட்ட இயக்ககம் ஆண்டுத் திட்டத்தைத் தயாரிக்கும். அதை ஒன்றியக் கல்வி அமைச்சகத்தின் திட்ட ஒப்புதல் குழு பரிசீலித்து, எந்தத் தலைப்புக்கு எவ்வளவு என்று வரிவரியாக ஒப்புதல் அளிக்கும். அந்தக் கூட்டக் குறிப்புகள் மாநிலவாரியாக இணையத்தில் வெளியிடப்படுகின்றன. யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். அதன்பின் தவணைகளாக நிதி விடுவிக்கப்படும். செலவழித்ததற்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்பினால்தான் அடுத்த தவணை. இங்கேதான் நீங்கள் கேட்ட கண்காணிப்பு என்பதன் குணத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். பயன்பாட்டுச் சான்றிதழ் என்பது, இந்தப் பணம் இந்தத் தலைப்பில் செலவழிந்தது என்பதற்கான சான்று மட்டுமே. நான் என் பணிக்காலத்தில் நூற்றுக்கணக்கான அத்தகைய தாள்களைச் சரிபார்த்து அனுப்பியிருக்கிறேன். காலிபர் வாங்கப்பட்டதா, பட்டியல் இருக்கிறதா, பெற்றுக்கொண்டவரின் கையொப்பம் இருக்கிறதா என்று பார்ப்போம். அது அந்தக் குழந்தையின் காலில் ஏறியதா என்று கேட்க அந்தத் தாளில் இடமில்லை. உங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் நிற்கும் காலிபர் எங்கள் கணக்கில் நிறைவேறிய பணி. இதை எழுதும்போது எனக்கு மனம் கனக்கிறது.

இதோடு, திட்ட நிதி என்பதற்கே உரிய நிலையாமையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2024-25ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய ஒன்றிய அரசின் பங்கான ஏறத்தாழ 2,152 கோடி ரூபாய், தேசியக் கல்விக் கொள்கையைச் செயல்படுத்தும் பி.எம். ஸ்ரீ பள்ளிகள் தொடர்பான புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் மாநிலம் கையெழுத்திடவில்லை என்பதால் நிறுத்திவைக்கப்பட்டது. அதை எதிர்த்து மாநில அரசு 2025இல் உச்ச நீதிமன்றத்தை அணுகியது. தேசியக் கல்விக் கொள்கை பற்றி யாருக்கு எந்தக் கருத்து இருந்தாலும், இயன்முறை சிகிச்சைக்காக வரிசையில் நிற்கும் ஒரு குழந்தையின் பங்கு அந்த வழக்காட்டத்தில் பிணையாக வைக்கப்படக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். வழக்கமான ஆசிரியரின் ஊதியம் மாநில வரவுசெலவுத் திட்டத்தில் நிலையான பணியிடமாக இருக்கிறது. எந்தத் தவணை நின்றாலும் அவருக்கு மாதம் பிறந்தால் சம்பளம் உண்டு. சிறப்பாசிரியரும் இயன்முறை சிகிச்சையாளரும் திட்ட நிதியில் தொங்குகிறார்கள். கொடி ஆடும்போது முதலில் ஆடுவது நுனிதான். ஆகவே சிறப்பாசிரியர் பணியிடங்கள் திட்டத்திலிருந்து எடுக்கப்பட்டு நிரந்தரப் பணியிடங்களாக மாற்றப்பட வேண்டும் என்று மேலே எழுதியிருக்கும் தம்பி கேட்பதை, கணக்கு எழுதியவன் என்ற முறையில் நானும் வழிமொழிகிறேன்.

பதில் 3: தொலைவிலிருந்து (ஹூஸ்டன் அருகே, டெக்சஸ்)

நான் வாழும் இடத்தின் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது. ஆயினும் எண்ணிக்கையை மட்டும் கண்காணித்தால் என்ன நேரும் என்பதற்கு இங்கே நடந்த ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அமெரிக்காவில் 1975இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி ஊனமுற்ற ஒவ்வொரு குழந்தைக்கும் பொதுப் பள்ளியில் தகுந்த கல்வி இலவசமாகத் தரப்பட வேண்டும். அதற்காகும் கூடுதல் செலவுக்கு, சராசரியாக ஒரு மாணவருக்கு ஆகும் செலவில் 40 விழுக்காடு வரை கூட்டாட்சி அரசு தரும் என்று அப்போதே சொல்லப்பட்டது. அந்த 40 ஒரு முறைகூட எட்டப்பட்டதில்லை; பெரும்பாலான ஆண்டுகளில் அதில் பாதியைக்கூடத் தொட்டதில்லை. மிச்சத்தை மாநிலமும் ஊர்ப் பள்ளி நிர்வாகமும் சுமக்கின்றன.

டெக்சஸ் மாநிலக் கல்வித் துறை 2004இல் தன் கண்காணிப்பு முறையில் ஓர் அளவுகோலைச் சேர்த்தது. ஒரு பள்ளி மாவட்டத்தில் சிறப்புக் கல்வி பெறும் மாணவர்கள் 8.5 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் அந்த மாவட்டத்தின் மதிப்பெண் குறையும். சட்டத்தில் அப்படி ஒரு வரம்பே கிடையாது. ஆனால் மதிப்பெண் குறையும் என்றதும் பள்ளிகள் குழந்தைகளைப் பரிசோதிக்கவே தயங்கத் தொடங்கின. 12 விழுக்காட்டுக்கு அருகில் இருந்த மாநிலச் சராசரி பத்தாண்டு அளவில் சரியாக 8.5க்கு இறங்கி வந்து நின்றது. நாடு முழுவதும் அது 13 அளவில் இருந்த காலம் அது. 2016இல் ஹூஸ்டன் கிரானிக்கிள் நாளிதழ் இதை வெளிக்கொண்டு வந்தது. 2017இல் அந்த வரம்புக்குத் தடை விதித்து மாநிலச் சட்டமன்றம் சட்டம் இயற்றியது. 2018 ஜனவரியில் கூட்டாட்சிக் கல்வித் துறை, மாநிலம் சட்டத்தை மீறியது என்று முடிவு சொன்னது.

அந்த ஆண்டுகளில் ஒன்றில்தான் என் மகனுக்கு ஐந்து வயது. இன்னும் பேச்சு வரவில்லை. பள்ளியில் "இன்னும் ஓராண்டு பார்ப்போம்" என்றார்கள். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். ஓராண்டு கழித்து, ஒரு தெலுங்குக்காரத் தாய் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது: வாயால் கேட்டால் அது வெறும் பேச்சு, எழுத்தால் கேட்டால் 15 பள்ளி நாள்களுக்குள் பள்ளி எழுத்தால் பதில் சொல்லியாக வேண்டும். நான் எழுதிய கடிதம் நான்கு வரிதான். அதற்குப் பிறகு பரிசோதனை நடந்தது, கூட்டம் நடந்தது, என் மகனுக்கென ஒரு திட்டம் எழுதப்பட்டு என் கையொப்பமும் வாங்கப்பட்டது. வாரத்துக்கு எத்தனை நிமிடம் பேச்சுப் பயிற்சி என்பது அதில் எண்ணால் இருக்கிறது. அந்த நிமிடங்கள் குறைந்தால் நான் முறையிடலாம். சகோதரி, முதல் பதிலில் சிறப்பாசிரியர் சொன்ன அந்த நோட்டை விட்டுவிடாதீர்கள்.

பதில் 4: சாய்தளம் (வழக்கறிஞர், ஒரு மாற்றுத்திறனாளி மாணவரின் தந்தை)

சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, செய்ய வேண்டியதற்கு வருகிறேன்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுள்ள குழந்தைக்கு 6 வயது முதல் 18 வயது வரை, அருகமைப் பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமையை அதன் 31ஆம் பிரிவு தருகிறது. 16ஆம் பிரிவு, அரசு நிதி பெறும் ஒவ்வொரு பள்ளியும் அந்தக் குழந்தைக்குத் தனிப்பட்ட உதவியை அளிக்க வேண்டும் என்றும், ஒவ்வொரு மாற்றுத்திறன் மாணவரின் பங்கேற்பையும் முன்னேற்றத்தையும் கண்காணிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஒவ்வொரு மாணவரின் என்ற சொல்லைக் கவனியுங்கள். வட்டாரத்தின் மொத்த எண்ணிக்கையை அனுப்பினால் இந்தக் கடமை நிறைவேறாது. 17ஆம் பிரிவு, தகுந்த உதவி உபகரணத்தை 18 வயது வரை இலவசமாக வழங்கச் சொல்கிறது. தகுந்த என்பதற்குப் புண்ணாக்காத என்பதும் பொருளே. கதவுக்குப் பின்னால் நிற்கும் காலிபரால் சட்டம் சொன்னது நிறைவேறிவிடவில்லை.

அடுத்து, "வட்டாரத்துக்குப் போட்டிருக்கிறார்கள்" என்ற பதிலுக்கு வருகிறேன். சிறப்பாசிரியர் நியமனம் தொடர்பான ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் 2021 அக்டோபர் 28 அன்று உச்ச நீதிமன்றம், தொடக்க நிலையில் 10 சிறப்புக் குழந்தைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேற்பட்ட நிலைகளில் 15 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தை நிர்ணயித்தது. போதிய ஆசிரியர்கள் கிடைக்கும்வரை ஒருவரே பல பள்ளிகளுக்குச் சென்று வருவதை இடைக்கால ஏற்பாடாக மட்டுமே அது அனுமதித்தது. அந்த இடைக்காலம் நீண்டுகொண்டே போவதைக் கண்டு, 2025 மார்ச் 7 அன்று அதே நீதிமன்றம், மாநிலங்கள் தேவையான பணியிடங்களை மூன்று வாரங்களுக்குள் அறிவிக்க வேண்டும் என்றும், ஏற்கெனவே ஒப்பந்த அடிப்படையில் பணியாற்றுவோரின் தகுதியைக் குழு அமைத்துப் பரிசீலிக்க வேண்டும் என்றும் ஆணையிட்டது. முதல் பதிலை எழுதிய ஆசிரியரின் பொறுப்பில் இருக்கும் 43 என்ற எண்ணை அந்த 10க்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அவரைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது.

கண்காணிப்பின் பெரிய ஓட்டை என்று நான் கருதுவதைச் சொல்லிவிடுகிறேன். சிறப்புப் பள்ளிகளும் உதவித்தொகையும் மாற்றுத்திறனாளிகள் நலத்துறையிடம் இருக்கின்றன. அரசுப் பள்ளியில் படிக்கும் குழந்தை பள்ளிக் கல்வித் துறையிடம் இருக்கிறாள். சான்றிதழ் மருத்துவத் துறையிடம். மூன்று துறைகளும் தத்தம் பதிவேட்டில் அவளை எண்ணியிருக்கின்றன. அவளை முழுதாகப் பார்த்தது யார் என்றால் நீங்கள்தான். ஆகவே இணைக்கும் தாள் உங்களிடமிருந்துதான் புறப்பட வேண்டியிருக்கிறது. இது பெற்றோர் மேல் சுமத்தப்பட்ட அநியாயமான சுமை. இருந்தாலும் இன்றைய நிலையில் இதுதான் வேலை செய்கிறது.

தலைமை ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். புகார் என்று தலைப்பிடாதீர்கள், வேண்டுகோள் என்றே எழுதுங்கள். மகளின் தனிநபர் கல்வித் திட்டத்தின் நகல், இவ்வாண்டு சிறப்பாசிரியரும் சிகிச்சையாளரும் வந்த நாள்களின் விவரம், காலிபருக்கு மறு அளவு ஆகிய மூன்றை மட்டும் கேளுங்கள். நகலில் பள்ளி முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போய் இதைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோரே இருக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. அங்கே உங்கள் குரல் எடுபடும். ஒரு மாதம் பார்த்தும் அசைவில்லை என்றால் 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் அதே மூன்றையும் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். அதற்கும் மேலே மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர் இருக்கிறார். ஆட்களை அழைத்து விசாரிக்கவும் ஆவணங்களை வரவழைக்கவும் உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய அதிகாரம் அவருக்கு உண்டு. அங்கே போகும் நிலை வந்தால் எழுதுங்கள். மனுவை நானே வரைந்து தருகிறேன்.

செங்காந்தள் (கேள்வி கேட்டவர்), 19 நாள்களுக்குப் பிறகு

எல்லோருக்கும் நன்றி சொல்லவும், நடந்ததைச் சொல்லவும் வந்தேன்.

கடிதத்தை எழுதிக்கொண்டு போனேன். தலைமை ஆசிரியர் இரண்டு முறை படித்துவிட்டு, நகலில் முத்திரையிட்டுத் தந்தார். முதல் பதிலில் சிறப்பாசிரியர் ஐயா சொன்னபடி எமிஸ் பதிவையும் காட்டச் சொல்லிக் கேட்டேன். கணினியைத் திறந்து பார்த்தவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். என் மகள் நாள்தோறும் வருகைப் பதிவேட்டில் "உள்ளேன்" சொல்லும் அந்தப் பள்ளியிலேயே, அவள் பெயருக்கு எதிரே "இல்லம் சார்ந்த கல்வி" என்று இருந்தது. முதல் வகுப்பில் போட்ட பதிவு. மூன்று ஆண்டுகளாக யாரும் மாற்றவில்லை. அதனால் பள்ளிக்கு வருவோர் பட்டியலில் அவள் இல்லை. போக்குவரத்துப் படிக்கான பட்டியலிலும் இல்லை. ஊக்கத்தொகை கணக்குக்கு வந்ததா என்று பார்த்தேன். சென்ற ஆண்டு வந்திருக்கிறது, அதற்கு முந்தைய ஆண்டு வரவில்லை. தலைமை ஆசிரியர் அன்றே திருத்தத்துக்கு அனுப்பினார். தன் பள்ளியில் இப்படி நேர்ந்ததற்கு வருந்துவதாகவும் சொன்னார்.

சென்ற செவ்வாய்க்கிழமை எங்கள் வட்டாரச் சிறப்பாசிரியர் வந்தார். பழைய நோட்டில் என் மகளின் திட்டம் ஒரு பக்கம்தான் இருந்தது, அதுவும் வீட்டில் வைத்துச் செய்யும் பயிற்சிகள். புதுப் பக்கம் திருப்பி, "இந்தப் பருவத்துக்குள் என்ன வேண்டும்?" என்று முதலில் என்னிடம் கேட்டார். நான் எழுதுவதைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவளே பதில் சொன்னாள்: யாரும் தூக்காமல் கழிப்பறைக்குப் போக வேண்டும், சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி வேண்டும் என்று. காலையில் வீட்டிலிருந்து புறப்பட்டால் மாலைவரை அவள் தண்ணீரே குடிப்பதில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அதை முதல் வரியாக எழுதி, அவர் கையொப்பமிட்டு, என்னிடமும் வாங்கினார். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் வரும் வெள்ளிக்கிழமை. கம்பியை எந்த உயரத்தில் பதிக்க வேண்டும் என்று அளந்து, சுவரில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு வைத்திருக்கிறோம்.